காட்டுவதற்கு ஒன்று, கண்டறிவதற்கு ஒன்று

வங்கியிலிருந்தோ வணிக நிறுவனத்திலிருந்தோ வரும் மின்னஞ்சல்களில், சில சமயம் ‘அன்புள்ள’ என்ற விளிக்குப் பின் பெயர் ஏதுமின்றி வெறும் காற்புள்ளி மட்டும் நிற்பதையும், வேறு சில சமயம் நம்முடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மனிதர் எவருக்கும் பொருள் விளங்காத குறிகளும் நீண்டதோர் எண்ணும் வந்து அமர்ந்திருப்பதையும் காணாதவர் நம்மில் சிலரே இருப்பர். பெரும்பாலோர் இதைக் கணினியின் கோளாறு என்று சொல்லி, ஒரு கணம் முகம் சுளித்து, அடுத்த அஞ்சலுக்குப் போய்விடுகிறோம். ஆனால் கணினி அங்கே இடப்பட்ட கட்டளையை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியிருக்கிறது. ஒரு பொருளை எழுத்தில் எடுத்துச் சொல் என்று அதனிடம் சொன்னவர், யாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதைத்தான் யோசிக்கவில்லை. நிரல் எழுதுவோர் தாம் படைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும், பொதுமக்கள் பார்வைக்கு ஓர் எழுத்து வடிவமும் பழுது பார்ப்போர் பார்வைக்கு மற்றோர் எழுத்து வடிவமும் தனித்தனியே, அறிந்தும் தெளிந்தும் அமைத்துத் தர வேண்டும் என்பதும், அப்படி அமைக்காமல் விடுவது வெறும் அழகுக் குறையாக நின்றுவிடாமல் பிறர் நலனுக்கே ஊறு செய்வதாகும் என்பதும் என் அபிப்பிராயம்.

இந்த விஷயத்தை ஆராய்வதற்கு ரூபி என்னும் நிரல்மொழி மிகவும் ஏற்றது. ஜப்பானியரான யுகிஹிரோ மாட்ஸுமோட்டோ 1993-ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கி, 1995-ஆம் ஆண்டு டிசம்பரில் பொதுவெளியில் அளித்த இந்த மொழி, எழுதுகிறவரின் மகிழ்ச்சியையே தன் முதல் லட்சியமாகக் கொண்டது. 2004-ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைனமையர் ஹான்சன் இதன்மீது ரயில்ஸ் என்ற கட்டமைப்பை எழுப்பிய பிறகு, உலகின் பல பெரிய இணையச் சேவைகள் இதில் எழுதப்பட்டன. கிட்ஹப், ஷாப்பிஃபை முதலியவை மட்டுமன்றி, 2010-இல் சென்னையில் பிறந்த ஃபிரெஷ்டெஸ்க்கும் அந்த வரிசையில் சேர்ந்தது. ஆகவே இது எங்கோ தொலைவிலுள்ள பண்டிதர்களின் வாதம் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. நம் பிள்ளைகள் தினந்தோறும் எழுதுகிற நிரல்களில் நிகழ்கிற காரியம் இது.

ரூபியில் எண், சொல், தேதி, பட்டியல், வாடிக்கையாளர், விலைச்சீட்டு ஆகிய அனைத்தும் ஆப்ஜெக்ட் எனப்படும் பொருள்களே. ‘நில்’ என்ற பெயரால் வழங்கும் இன்மைகூட அங்கே ஒரு பொருள்தான். இப்பொருள் ஒவ்வொன்றும், தன்னை எழுத்தில் சொல்லிக்கொள்ள இரண்டு வழிகளைப் பிறவியிலேயே பெற்றிருக்கிறது. ஒன்றின் பெயர் ‘டு_எஸ்’; மற்றொன்றின் பெயர் ‘இன்ஸ்பெக்ட்’. திரையில் ஒரு வரியை அச்சிடும் ‘புட்ஸ்’ என்ற கட்டளையும், ஒரு வாக்கியத்தின் நடுவே ஒரு மதிப்பை இடுகிற ஏற்பாடும் முதலாவதை அழைக்கின்றன. பழுது பார்க்கிறவர் அடிக்கடி கையாளும் ‘பி’ என்ற ஓரெழுத்துக் கட்டளையும், நிரலை வரிவரியாக இயக்கிப் பார்க்க உதவும் ‘ஐஆர்பி’ என்ற பரிசோதனைக் களமும் இரண்டாவதை அழைக்கின்றன. முதலாவது, நிரலைப் பயன்படுத்துகிற மனிதர் காண்பதற்கான காட்சி வடிவம். இரண்டாவது, நிரலை ஆக்குகிற மனிதர் காண்பதற்கான பரிசோதனை வடிவம்.

இவ்விரண்டின் வேறுபாடு எவ்வளவு நுட்பமானது, அந்த நுட்பம் எவ்வளவு அவசியமானது என்பதைச் சில உதாரணங்களால் விளக்கலாம். 5 என்ற எண்ணும், அதே இலக்கத்தை எழுத்தாகக் கொண்ட ஒரு சொல்லும் கணினிக்கு முற்றிலும் வெவ்வேறானவை. ஒன்றைக் கூட்டலாம், மற்றொன்றை ஓர் எண்ணோடு கூட்ட முயன்றால் பிழை எழும். ஆனால் ‘டு_எஸ்’ வடிவத்தில் இரண்டும் 5 என்றே தோன்றும். ‘இன்ஸ்பெக்ட்’ வடிவத்திலோ, எண் வெறுமனே நிற்க, சொல் மேற்கோள் குறிகளுக்கு இடையே நிற்கும். ‘மதுரை’ என்ற ஊர்ப் பெயரின் இறுதியில், படிவம் நிரப்பியவர் கைதவறி ஓர் இடைவெளியை அழுத்திவிட்டால், காட்சி வடிவத்தில் அந்த இடைவெளியைப் பார்க்க முடியாது. பரிசோதனை வடிவத்திலோ மேற்கோள் குறி சற்றே தள்ளி நிற்பதால், பட்டியலில் இருக்கிற மதுரை தேடும்போது மட்டும் ஏன் அகப்படவில்லை என்ற மர்மம் உடனே வெளிப்பட்டுவிடும். எல்லாவற்றிலும் முக்கியமானது இன்மைப் பொருளின் கதை: அதன் ‘டு_எஸ்’ வடிவம் எழுத்தே இல்லாத வெற்றிடம், அதன் ‘இன்ஸ்பெக்ட்’ வடிவம் ‘நில்’ என்ற வெளிப்படையான பெயர். பெயரில்லாமல் காற்புள்ளி மட்டும் நிற்கிற அந்த மின்னஞ்சல் ரூபியில் எழுதப்பட்டதாயின், அது பிறந்த இடம் பெரும்பாலும் இதுவே. வாடிக்கையாளரின் பெயர் கிடைக்கவில்லை, இன்மை தன்னை வெற்றிடமாக எழுதிக்கொண்டது, எந்தப் பிழையும் எழவில்லை, அஞ்சல் போய்விட்டது.

இங்கே ஒருவர், இன்மைப் பொருளின் காட்சி வடிவத்தை வெற்றிடமாக அமைத்தது மொழியின் குற்றமல்லவா என்று கேட்கக்கூடும். அன்று என்றே நான் சொல்வேன். நடுப்பெயர் இல்லாதவரின் முகவரியில் நடுப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம் வருவதே முறை. அங்கே ‘நில்’ என்று அச்சாவது அபத்தம். மொழி, காட்சிக்கு உரிய மரியாதையைக் காட்சிக்கும், பரிசோதனைக்கு உரிய உண்மையைப் பரிசோதனைக்கும் வகுத்துத் தந்திருக்கிறது. அவற்றுள் எதை எங்கே வைப்பது என்ற விவேகத்தை மட்டும் மனிதரிடம் விட்டிருக்கிறது. ஒரே மனிதர், வீட்டுக்கு வந்த விருந்தினர் நலம் விசாரிக்கும்போது ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொல்வதும், அன்று மாலையே வைத்தியரிடம் சென்று, எந்த நாளில் காய்ச்சல் தொடங்கிற்று, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒன்றுவிடாமல் சொல்வதும் பொய்யும் மெய்யும் ஆகிவிடுவதில்லை. கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பதை அறிந்து சொல்லும் இரண்டு மெய்கள் அவை. விருந்தினரிடம் நோயின் விவரத்தையெல்லாம் விரிப்பவனும், வைத்தியரிடம் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று முடித்துக்கொள்பவனும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்.

காலத்தைக் குறிக்கும் பொருள் ஒன்றைப் பற்றிய ரூபியின் அனுபவம் இந்தப் பிழையின் இரண்டாம் முகத்தை நன்றாகக் காட்டுகிறது. 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 2.7 பதிப்புக்கு முன், ஒரு நேரத்தின் காட்சி வடிவமும் பரிசோதனை வடிவமும் ஒன்றாகவே இருந்தன. இரண்டுமே வினாடியோடு நின்றுவிடும். ஆனால் உள்ளே அந்த நேரம் வினாடியின் மிக நுண்ணிய பின்னங்கள் வரை சேமிக்கப்பட்டிருந்தது. இதன் விளைவாக, இரண்டு நேரங்கள் சமமாக இருக்கின்றனவா என்று சோதிக்கிற நிரல், ‘சமமாக இல்லை’ என்று அறிவித்து, சான்றாக இரண்டையும் அச்சிட்டுக் காட்டும்போது, அட்சரத்துக்கு அட்சரம் ஒத்த இரண்டு வரிகளை முன்வைக்கும். பார்ப்பவர் தம் கண்ணையோ கணினியையோ சந்தேகிப்பதைத் தவிர வேறு செய்ய இயலாது. 2.7 பதிப்பில் பரிசோதனை வடிவத்தைத் தனியே பிரித்து, வினாடிக்கும் கீழான பின்னத்தையும் அதில் தோன்றச் செய்தார்கள். காட்சி வடிவம் முன்போலவே சுருக்கமாக இருந்தது. ஒருவருக்கும் நஷ்டமின்றி இருவருக்கும் நன்மை விளைந்த சீர்திருத்தம் அது.

ரூபி இந்தப் பிரிவினையைத் தொடக்கத்திலிருந்தே தெளிவாகக் கடைப்பிடித்தது என்று சொன்னால் அது சரித்திரத்துக்குப் பொருந்தாது. பல ஆண்டுகள் தடுமாறித்தான் தெளிவு பெற்றது. 1.8 பதிப்பில் ஒரு பட்டியலின் ‘டு_எஸ்’ வடிவம், அதன் உறுப்புகளை இடைவெளியின்றி ஒட்டிவைப்பதாக இருந்தது. 1, 23 என்ற பட்டியலும் 12, 3 என்ற பட்டியலும் அதில் 123 என்றே தோன்றின. 1.9 வரிசையில் இதை மாற்றி, பட்டியலுக்குக் காட்சி வடிவமும் பரிசோதனை வடிவமும் ஒன்றே என்று ஆக்கினார்கள். இரண்டிலும் சதுர அடைப்புக்குறிகளும் காற்புள்ளிகளும் வந்தன. இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு: ஒரு பட்டியலை மக்களுக்கு எப்படிக் காட்ட வேண்டும் என்பதை, அதாவது காற்புள்ளியிட்டா, ‘மற்றும்’ சேர்த்தா, ஒன்றன்கீழ் ஒன்றாகவா என்பதை, மொழி முன்கூட்டியே தீர்மானிக்க முடியாது, அது எழுதுகிறவரின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை மறந்தவரின் அஞ்சலில் பயணிகளின் பெயர்கள் சதுர அடைப்புக்குள், மேற்கோள் குறிகளோடு வந்து நிற்கும்.

இன்னும் முக்கியமான மாற்றம் 2013-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த 2.0 பதிப்பில் நிகழ்ந்தது. அதற்கு முன், ஒரு வகுப்பை, அதாவது ஒரே இனத்துப் பொருள்களுக்கான வார்ப்பை, எழுதுகிறவர் அதற்குத் தனியாக ‘டு_எஸ்’ அமைத்து, ‘இன்ஸ்பெக்ட்’ அமைக்காமல் விட்டால், பரிசோதனைக்காகக் கேட்கும்போதும் அந்தக் காட்சி வடிவமே வந்து நிற்கும். வாடிக்கையாளரின் பெயர் அழகாகத் தோன்ற வேண்டும் என்று எண்ணி ஒருவர் செய்த நற்காரியம், அந்தப் பொருளுக்குள்ளே என்ன பழுது என்று தேடி வந்த மற்றொருவருக்குத் திரையாகிவிட்டது. அவருக்கும் பெயர் மட்டுமே தெரிந்தது, கணக்கு எண் தெரியவில்லை, நிலுவை தெரியவில்லை, அந்தப் பொருள் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதுகூடத் தெரியவில்லை. 2.0 பதிப்பு இந்த உறவை அறுத்தது. அதன்பின் காட்சி வடிவத்தை எவ்வளவு மாற்றினாலும் பரிசோதனை வடிவம் தன்னுடைய இயல்பான கடமையை, அதாவது வகுப்பின் பெயரையும் நினைவக முகவரியையும் உள்ளே உள்ள மாறிகள் என்னும் மதிப்புகளையும் வரிசையாகச் சொல்லும் கடமையை, விடாமல் செய்கிறது. இரண்டையும் இணைத்துப் பார்த்த அனுபவத்துக்குப் பிறகு, அறிவுடைய ஒரு சமூகம் பிரித்தே வைப்பது என்று முடிவு செய்ததற்கு இது தக்க சான்று.

ரூபிக்கு முன்னும் பின்னும் வந்த மொழிகளின் சாட்சியமும் இதையே உறுதிப்படுத்துகிறது. மிகப் பழமையான லிஸ்ப் மரபில், மனிதர் வாசிப்பதற்கான அச்சுக்கு ஒரு கட்டளையும், கணினியே மீண்டும் வாசித்துப் புரிந்துகொள்ளத்தக்க அச்சுக்கு வேறொரு கட்டளையும் உண்டு. பைத்தான் மொழியில் ‘ஸ்ட்ர்’, ‘ரெப்ர்’ என்ற இரண்டு தனி வழிகள் உள்ளன. ரஸ்ட் என்னும் மொழி இன்னும் ஒருபடி மேலே சென்று, பரிசோதனை வடிவத்தைக் கேட்டால் தானே உண்டாக்கித் தருகிறது. காட்சி வடிவத்தையோ எழுதுபவர் தம் கையால் எழுதியே தீர வேண்டும் என்று நிற்கிறது. இந்த ஏற்பாட்டில் ஆழ்ந்த ஒரு தத்துவம் அடங்கியிருக்கிறது. ஒரு பொருளுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று அடுக்கிச் சொல்வது இயந்திரத்தால் இயலும். அதை வாசிக்கப்போகும் மனிதருக்கு எது தேவை, எது வேண்டாதது, எது அவர் மனத்தைப் புண்படுத்தும் என்பதை அறிவது மனிதரால் மட்டுமே இயலும். ஜாவா மொழியில் எல்லாப் பொருளுக்கும் ஒரே ஒரு வழிதான் பொதுவாக வைக்கப்பட்டது. அது காட்சிக்கா பரிசோதனைக்கா என்ற சர்ச்சை அம்மொழியில் எழுதுவோரிடையே இன்றளவும் ஓயவில்லை.

தமிழில் எழுதப்படும் தரவுகளோடு வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை மேலும் கூர்மையானது. ரூபியின் 1.8 பதிப்பு, சொல்லை வெறும் பைட்டுகளின் வரிசையாகவே கருதியது. ஆகவே தனியே ஏற்பாடு செய்யாவிட்டால், ‘அ’ என்ற ஒரே எழுத்து பரிசோதனை வடிவத்தில் \340\256\205 என்று பன்னிரண்டு குறிகளாக விரிந்து நின்றது. ஒரு முழு வாக்கியம் அப்படி விரிந்தால், அதில் எந்தச் சொல் தவறு என்று எவர் கண்டறிவார்? 1.9 வரிசையில் சொல்லுக்கு அதன் எழுத்துக் குறியாக்கத்தையும் சேர்த்தே நினைவில் வைக்கும் முறை வந்தபின், பரிசோதனை வடிவத்திலும் தமிழ் தமிழாகவே தெரியலாயிற்று. ஆனால் அந்த நன்மையோடு ஒரு புதிய மறைவும் வந்தது. ‘கொ’ என்ற எழுத்தை யூனிக்கோடில் இருவகையாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்து எழுதுவது ஒன்று, ககரத்தோடு எகரக் கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாகச் சேர்த்து எழுதுவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. ஈரோட்டை அடுத்த கொடுமுடியின் பெயர் தரவுத்தளத்தில் ஒருவகையாகவும் தேடுபவரின் விசைப்பலகையிலிருந்து வேறுவகையாகவும் வந்தால், அந்த ஊர் இல்லை என்றே விடை வரும். பரிசோதனை வடிவத்தை நாடினால் அங்கும் இரண்டும் ஒன்றுபோலவே காட்சி தரும். இத்தகைய சமயத்துக்காகவே ரூபியில் ‘டம்ப்’ என்ற மூன்றாவது வழி இருக்கிறது. அது ஒவ்வொரு குறியையும் அதன் எண்ணால் விரித்துக் காட்டுவதால், ஒன்றில் இரண்டு குறிகளும் மற்றதில் மூன்று குறிகளும் இருப்பது வெட்டவெளிச்சமாகும். அதன்பின், 2.2 பதிப்பு முதல் மொழியிலேயே அமைந்திருக்கும் ‘யூனிக்கோடு_நார்மலைஸ்’ என்ற வழியால் இரண்டையும் ஒரே வகையாக்கிவிடலாம். தமிழில் பெயர்ப் பட்டியல்களும் நில ஆவணங்களும் கணினியேறும் இக்காலத்தில், நம் இளைஞர்கள் இதை அறிந்திருப்பது மிகவும் அவசியம்.

இதுவரை சொன்னவை, பரிசோதனைக்கு வந்தவரிடம் உண்மையை மறைப்பதால் நேரும் தீங்குகள். இனி, மறைக்க வேண்டியவற்றை வெளியிடுவதால் நேரும் தீங்குகளைப் பார்ப்போம்; இவை முன்னவற்றினும் பெரியவை. ரூபியின் இயல்பான பரிசோதனை வடிவம், பொருளுக்குள் இருக்கும் மாறிகள் எல்லாவற்றையும் பாகுபாடின்றி எழுதிவிடும். அவற்றுள் ஒன்று கடவுச்சொல்லாக இருந்தாலும், ஆதார் எண்ணாக இருந்தாலும், நோயாளி ஒருவரின் அந்தரங்க விவரமாக இருந்தாலும் அதற்கு வேறுபாடு தெரியாது. பழுது பார்ப்பதற்கென்று ஒருவர் ‘பி’ என்று ஒரு வரி எழுதுகிறார். அந்த வரி மறதியால் நிலைத்துவிடுகிறது. சேவை பொதுமக்கள் பயன்பாட்டுக்குப் போகிறது. அன்று முதல் ஒவ்வொரு வாடிக்கையாளரின் ரகசியமும் லாக் எனப்படும் பதிவேட்டில் எளிய எழுத்தில் விழுந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பதிவேட்டைப் பலர் படிப்பார்கள். பல இடங்களுக்குப் பிரதியாகும். பல ஆண்டுகள் சேமிக்கப்படும்.

பதிவேட்டின் வழியே ரகசியம் கசிவது கற்பனையான அச்சமன்று. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் டுவிட்டர் நிறுவனம், கடவுச்சொற்கள் மறைகுறியாக மாற்றப்படுவதற்கு முன்பே உள் பதிவேடு ஒன்றில் எழுதப்பட்டுவந்ததைக் கண்டுபிடித்து, 33 கோடிக்கும் மேற்பட்ட தன் பயனர்களிடம் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. ரூபியில் எழுதப்பட்ட கிட்ஹப்பும் அதே வாரங்களில், சில பயனர்களின் கடவுச்சொற்கள் தன் உள் பதிவேட்டில் எளிய எழுத்தில் பதிவாகியிருந்ததாக அவர்களுக்கு அறிவித்தது. 2019-ஆம் ஆண்டு மார்ச்சில் ஃபேஸ்புக், கோடிக்கணக்கான கடவுச்சொற்கள் தன் உள் அமைப்புகளில் வாசிக்கத்தக்க வடிவில் இருந்ததை ஒப்புக்கொண்டது. அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் அதன் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 9 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. இவற்றில் எதற்கும் வெளியிலிருந்து திருடர் வந்து பூட்டை உடைக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்காரரே சாவியைக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். நம் நாட்டிலும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறுவோர்மீது 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது.

ரூபி உலகம் இந்த அபாயத்தை உணர்ந்து படிப்படியாகக் காவல்களை அமைத்து வந்திருக்கிறது. ரயில்ஸ் 6.0 பதிப்பு, தரவுத்தளப் பொருள்களைப் பரிசோதிக்கும்போது எந்தெந்தப் புலங்களை மறைக்க வேண்டும் என்று குறிக்கும் வசதியைத் தந்தது. குறிக்கப்பட்ட புலத்தின் மதிப்புக்குப் பதிலாக ‘வடிகட்டப்பட்டது’ என்னும் குறிப்பு மட்டும் தோன்றும். 2024-ஆம் ஆண்டில் வந்த 7.2 பதிப்பில், புதிதாகத் தொடங்கும் ஒரு சேவை பொதுமக்கள் பயன்பாட்டில் இயங்கும்போது, பொருளின் அடையாள எண்ணைத் தவிர வேறெதுவும் பரிசோதனை வடிவத்தில் தோன்றாதபடி இயல்பிலேயே அமைத்தார்கள். 2025-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ரூபி 4.0 பதிப்பு, எந்த மாறிகள் பரிசோதனை வடிவத்தில் இடம்பெறலாம் என்று ஒவ்வொரு வகுப்பும் தானே வரையறுத்துக்கொள்ளும் உரிமையை மொழியிலேயே சேர்த்தது. ஊரையும் பெயரையும் சொல், கடவுச்சொல்லைச் சொல்லாதே என்று ஒரே வரியில் கட்டளையிடலாம். முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் ஒரு மொழி இந்த ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் செப்பனிடுகிறது என்றால், அதைச் சிறிய விஷயம் என்று எவர் சொல்வார்?

ஆயினும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு வடிவங்களை எழுதுவது வீண் உழைப்பு என்றும், மொழி தரும் இயல்பான வடிவமே போதும் என்றும், தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றும் அவர்கள் வாதிடுகிறார்கள். இந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. எங்கும் வெளியே தலைகாட்டாத சிறு வகுப்புகளுக்கு மொழியின் இயல்பான ஏற்பாடு போதுமானதே. ஆனால் மனிதரையும் பணத்தையும் குறிக்கும் வகுப்புகளுக்கு அது போதாது. துல்லியமான பணக்கணக்குக்காக ரூபியில் உள்ள ‘பிக்டெசிமல்’ என்ற எண்வகை, 150 ரூபாய் 50 காசை இயல்பான காட்சி வடிவத்தில் 0.1505 என்று எழுதி, பக்கத்தில் பத்தின் மூன்றாம் அடுக்கு என்பதற்கான குறியை வைக்கிறது. விஞ்ஞானிக்கு அது உகந்தது, மளிகைக் கடைக்காரருக்கு அனுப்பும் ரசீதில் அதை அச்சிடுவது அவரை அவமதிப்பதற்கு ஒப்பாகும். ரயில்ஸ் கட்டமைப்பு இதை மாற்றி வழக்கமான தசம வடிவைத் தருகிறது. அக்கட்டமைப்பு இல்லாத நிரலில் எழுதுபவரே இதைச் செய்தாக வேண்டும். தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதும் பொருந்தாது. ஏனெனில் பரிசோதனை வடிவம் மிகவும் தேவைப்படும் நேரம், நள்ளிரவில் சேவை நின்றுபோய், பணம் மாட்டிக்கொண்ட மக்கள் காத்திருக்க, அந்த நிரலை எழுதாத வேறொருவர் பதிவேட்டை முன்வைத்துத் தவிக்கும் நேரம். அப்போது அந்தப் பதிவேட்டில், இயல்பான காட்சி வடிவம் தரும் வகுப்புப் பெயரும் நினைவக முகவரியும் மட்டுமே இருந்தால், அவருக்கு அது எந்த வழியையும் காட்டாது.

மற்றொரு சாரார் இதற்கு எதிர்த்திசையில் சென்று, எல்லாவற்றையும் விரிவாக எழுதிவைப்பதே பாதுகாப்பு என்கிறார்கள். இதற்கும் ரூபியின் சரித்திரமே விடை சொல்கிறது. இல்லாத ஒரு செயலைப் பொருளிடம் கேட்டால் எழும் பிழைச் செய்தியில், முன்பெல்லாம் அந்தப் பொருளின் பரிசோதனை வடிவம் சேர்க்கப்பட்டது. மிகப் பெரிய பொருளானால் அந்த வடிவத்தை முழுமையாக உருவாக்கி, 65 எழுத்துகளைத் தாண்டிவிட்டது என்று கண்டபின் கைவிடுவதற்கே கணிசமான நேரம் செலவாயிற்று. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த 3.3 பதிப்பில் அந்த வழக்கத்தை நிறுத்தி, இன்ன வகுப்பைச் சேர்ந்த ஒரு பொருள் என்று மட்டும் சொல்லும்படி திருத்தினார்கள். பழுதைக் கண்டறியத் தேவையானது எதுவோ அதுவே பரிசோதனை வடிவத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேலானது சுமை, சில சமயம் ஆபத்து.

ஆகவே நம் பொறியியல் கல்லூரிகளில் நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்களையும், சென்னையிலும் கோயமுத்தூரிலும் மதுரையிலும் இளைஞர்களை வேலைக்கு அமர்த்தும் நிறுவனங்களையும் நான் வேண்டிக்கொள்வது இது. மாணவர் முதன்முதலாக ஒரு வகுப்பை எழுதக் கற்கும் நாளிலேயே, ‘இதை வாடிக்கையாளர் பார்த்தால் என்ன தெரிய வேண்டும், இதை உன் சக ஊழியர் நள்ளிரவில் பார்த்தால் என்ன தெரிய வேண்டும், இதை எவர் பார்த்தாலும் என்ன தெரியக் கூடாது’ என்ற மூன்று கேள்விகளையும் அவரிடம் கேளுங்கள். தேர்வில் மதிப்பெண் தரும்போது விடை சரியா என்பதோடு இவற்றுக்கும் மதிப்பெண் தாருங்கள். நிறுவனங்களில் ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் சரிபார்க்கும்போது, மனிதரைக் குறிக்கும் வகுப்பு எதுவும் தன் பரிசோதனை வடிவத்தை வரையறுக்காமல் பொதுப் பயன்பாட்டுக்குப் போகக் கூடாது என்பதை விதியாக்குங்கள். மக்களுக்குச் செல்லும் அஞ்சலில் பெயர் முதலிய இன்றியமையாத மதிப்பு இன்மையாக இருந்தால், வெற்றிடமாக அச்சாகிப் போய்விடாமல் அங்கேயே நின்று பிழை என்று அறிவிக்கும்படி எழுதச் செய்யுங்கள். இவை எதற்கும் பெரும் பொருட்செலவில்லை. ஒரு வகுப்புக்குச் சில வரிகள், சில நிமிடங்கள் போதும்.

எழுத்து என்பது எப்போதும் ஒருவர் மற்றொருவருக்குச் சொல்வது. கணினி வழியாகச் சொல்வதனால் அந்த உறவு அற்றுப்போய்விடுவதில்லை. தாம் எழுதும் நிரலின் ஒவ்வொரு வெளிப்பாட்டையும் வாசிக்கப்போகிற ஒரு மனிதர் உண்டு என்பதையும், அவர் அறிய வேண்டியதை அறிவிப்பதும் அறியக் கூடாததைக் காப்பதும் தம்முடைய தொழில் தர்மம் என்பதையும் நம் நிரலாளர்கள் மனத்தில் பதித்துக்கொள்வார்களேயானால், அவர்கள் ஆக்குகிற கருவிகள் திறமையுடையவையாக மட்டுமின்றி நம்பத்தக்கவையாகவும் விளங்கும். அந்த நம்பிக்கையைப் பெறும் தகுதி, காட்டுவதற்கும் கண்டறிவதற்கும் உள்ள வேறுபாட்டை மதிக்கிறவர்களுக்கே உரியது.